தேனீயின் இல்லத்தைத் திறந்து காட்டிய விழியற்ற அறிஞர் பிரான்சுவா ஹூபர்

நாம் வாழும் இச்சுவிற்சர்லாந்து நாட்டின் மேற்கு எல்லையில், லெமான் ஏரியிலிருந்து ரோன் ஆறு புறப்படும் இடத்தில், ஜெனீவா நகரம் அமைந்துள்ளது. ஐக்கிய நாடுகள் அவையின் மாளிகை உள்ள நகராகவும், கடிகாரங்களுக்குப் பெயர் பெற்ற நகராகவும் நம்மவர் அதனை அறிவர். அந்நகரில் இற்றைக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், இரு கண்களின் ஒளியையும் இழந்த ஒருவர், தேனீக்களின் இருண்ட கூட்டுக்குள் நடப்பவற்றை உலகிற்கு எடுத்துக் காட்டினார் என்பதை நம் மாணவர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அவரே பிரான்சுவா ஹூபர்.

நாமும் அவர் பெயரை அண்மையில்தான் கேள்வியுற்றோம். மூன்று ஆண்டுகளுக்கு முன், எமது வாடகைத் தோட்டத்தின் ஓரத்தில் வைப்பதற்கென்று ஒரு தேன்பெட்டியை வாங்கினோம். வைகாசி மாதத்து வெயில் நாளொன்றில், வலைமுகமூடி அணிந்து முதன்முறையாக அதனைத் திறந்தபோது, பல்லாயிரம் தேனீக்கள் மொய்த்திருந்தனவேயன்றி இராணித் தேனீ எங்கும் தென்படவில்லை. இராணி இறந்துவிட்டாள், கொடுத்த பணமும் போயிற்று என்று மனம் சோர்ந்து நின்றோம். பக்கத்துத் தோட்டத்து முதியவர், நீண்டகாலம் தேனீ வளர்த்தவர், வந்து பார்த்தார். அவர் இராணியைத் தேடவேயில்லை. அடையுள்ள சட்டம் ஒன்றைத் தூக்கி, சூரியன் தம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, அறைகளின் அடியை நோக்கினார். சீரகத்தினும் சிறிய வெண்ணிற முட்டைகள் அறைக்கு ஒன்றாக நின்றன. முட்டை மூன்று நாளில் புழுவாகிவிடும் ஆதலால், மூன்று நாட்களுக்குள் இராணி இங்கு இருந்திருக்கிறாள் என்பது உறுதி என்று விளக்கினார். தேனீயை அறிவதற்குக் கண்ணைவிடக் கேள்வி முக்கியம் என்பதற்கு எடுத்துக்காட்டாக அவர் கூறிய பெயர்தான் ஹூபர். அன்றிரவே அவரது வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

ஹூபர் 1750ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2ஆம் நாள் ஜெனீவாவிற் பிறந்தார். அக்காலத்தில் ஜெனீவா சுவிற்சர்லாந்தின் ஒரு மாநிலம் அன்று. தனிக் குடியரசாக விளங்கியது. தந்தையார் ழான் ஹூபர் செல்வக் குடியிற் பிறந்த ஓவியர். கத்தரிக்கோலால் தாளை வெட்டி உருவங்களை அமைப்பதில் வல்லவர். பிரெஞ்சு அறிஞர் வோல்த்தேரின் நண்பர். அவரைப் பலவாறு வரைந்தவர். வேட்டைப் பறவைகள் பறக்கும் முறை பற்றி நூலொன்றும் எழுதியவர். கூர்ந்து நோக்கும் பழக்கம் மகனுக்குத் தந்தை வழியாக வந்தது எனலாம்.

ஆனால் நோக்குவதற்கான கண்கள் நிலைக்கவில்லை. பகலெல்லாம் பாடமும், இரவில் மங்கிய விளக்கொளியில் கதைநூல்களுமாகக் கழித்த அச்சிறுவனுக்குப் பதினைந்து வயதளவிற் பார்வை குன்றத் தொடங்கியது. தந்தையார் அவரைப் பாரிசு நகருக்கு அழைத்துச் சென்று சிறந்த மருத்துவர்களிடம் காட்டினார். உடல் நலம் தேறும் பொருட்டு அந்நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் உழவர்களோடு தங்கி, ஏர் பிடித்தும் வயல்வேலை செய்தும் அவர் சில காலத்தைக் கழித்தார். உடல் தேறியது, கண் தேறவில்லை. இந்நோய்க்கு மருந்தில்லை என்று கண் மருத்துவர் கைவிரித்துவிட்டார்.

இவ்விடத்தில் மரி எமே லூலன் என்னும் பெண்மணியைப் பற்றிக் கூறாமல் மேலே செல்ல இயலாது. ஜெனீவாவை ஆண்ட பெருமக்களுள் ஒருவருடைய மகள் அவர். நடன வகுப்பில் இருவரும் பழகி, ஒருவரையொருவர் விரும்பினர். பார்வை இழந்துவரும் இளைஞனுக்கு மகளைக் கொடுக்க எந்தத் தந்தைதான் எளிதில் இசைவார்? அவர் மறுத்தார். மகள் வாதிட்டு வெறுப்பை வளர்க்கவில்லை. மனத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. தந்தையின் இசைவின்றியே மணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தரும் இருபத்தைந்து வயது நிறையும் வரை காத்திருந்தார். 1776இல் திருமணம் நடைபெற்றது. காத்திருந்த அந்த ஆண்டுகளில் ஹூபரின் கண்ணொளி மேலும் மங்கியே வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்த அவ்வாழ்க்கையில், அவ்வம்மையார் கணவருக்காகப் படித்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினார். போர்க்காலத்தில் படைகள் நகர்ந்த செய்திகளை, நிலப்படத்தில் ஊசிகளைக் குத்தி, கணவர் விரலால் தொட்டு உணரும்படி அமைத்துக் கொடுத்தார்.

ஹூபரின் இல்லத்திற் பணியாளராக இருந்தவர் பிரான்சுவா பூர்னன். வோ மாநிலத்தைச் சேர்ந்த நாட்டுப்புற இளைஞர், உயர்கல்வி கற்றவரல்லர். தலைவருக்கு நூல்களைப் படித்துக் காட்டுவது அவர் பணிகளுள் ஒன்று. இயற்கை நூல்களைப் படிக்கும்போது, வாசிப்பதோடு நில்லாமல் பொருளையும் அவர் உணர்ந்து படிக்கிறார் என்பதை ஹூபர் குரலிலேயே கண்டுகொண்டார். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் தேனீக்களைப் பற்றி எழுதியவற்றைப் படித்தபோது, அச்சோதனைகளைத் தாமும் செய்து பார்க்கலாமே என்ற எண்ணம் எழுந்தது. பூர்னன் செய்தார்; கண்டதைச் சொன்னார். ஹூபர் குறுக்குக் கேள்விகள் கேட்டார். விடையில் ஐயமிருப்பின் மீண்டும் செய்யச் சொன்னார். இவ்வாறு பழகிப் பழகி, ஒருவர் கண்ணாகவும் மற்றவர் கருத்தாகவும் ஆயினர். வேற்று மொழியில் வரும் அலுவலகக் கடிதங்களைப் பிள்ளைகளின் கண் கொண்டு படிக்கும் நம் பெற்றோர் சிலருக்கு இந்த ஏற்பாடு புதுமையாகத் தோன்றாது.

அக்காலத்தில் தேனீக்களை வைக்கோலாற் பின்னிய கவிழ்ந்த கூடைகளில் வளர்த்தனர். கூடையின் உட்புறம் அடைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே நடப்பதைக் காண வழியில்லை. தேன் எடுப்பதற்கோ பல இடங்களிற் கந்தகப் புகையிட்டுத் தேனீக்களையே கொன்றனர். ரெயோமூர் கண்ணாடிப் பெட்டிகளைச் செய்திருந்தார். எனினும் அவற்றில் இரண்டு அடைகளுக்கு இடமிருந்தமையால், அவற்றின் இடையே நடப்பது மறைந்தே இருந்தது. ஜெனீவாவின் பேரறிஞர் சார்ல் பொனே, ஒரே ஓர் அடைக்கு மட்டும் இடமுள்ள மெல்லிய கண்ணாடிப் பெட்டியைச் செய்யுமாறு ஹூபருக்கு ஆலோசனை வழங்கினார். பொனேயும் பார்வை குன்றியவரே என்பது வியப்பிற்குரியது. அப்பெட்டி பயன் தந்தது. ஆயினும், ஒற்றை அடையில் வாழும்படி கட்டாயப்படுத்தப்பட்ட தேனீக்கள் இயல்பு மாறி நடந்துவிடுமோ என்ற ஐயம் ஹூபருக்கு எழுந்தது. எனவே மரச்சட்டங்கள் பலவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, கீல் வைத்து, புத்தகத்தின் தாள்களைப் புரட்டுவது போல விரிக்கத்தக்க ஒரு பெட்டியை அமைத்தார். ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் அடை. வேண்டிய பக்கத்தைத் திறந்து படிக்கலாம், பின் மூடிவிடலாம். மெதுவாகத் திறந்தால், மூச்சுக்காற்றை அவற்றின் மீது விடாதிருந்தால், தேனீக்கள் பெரும்பாலும் சீறுவதில்லை என்பதையும் இவ்விருவரும் கண்டறிந்தனர். முதன்முறை பெட்டி திறப்போருக்கு இன்றும் இதுவே முதற்பாடம். நாம் அன்று அவசரப்பட்டு இரண்டு கொட்டு வாங்கினோம்.

இராணித் தேனீ எவ்வாறு கருவுறுகிறது என்பதே அன்றைய பெரும் வினா. ஒல்லாந்து அறிஞர் சுவாமர்தாம், கூட்டின் தலைவன் அரசன் அல்லன், முட்டையிடும் பெண்ணே என்று அறுத்துக் காட்டியிருந்தார். ஆயின் ஆண் தேனீக்களின் வாடை பட்டே இராணி கருவுறுகிறது என்று அவர் எண்ணினார். வேறு சிலர், மீன்களைப் போல முட்டைகளின் மேல் ஆண் தேனீக்கள் வித்தைத் தெளிக்கின்றன என்றனர். ஹூபர் இளம் இராணிகளை ஆண் தேனீக்கள் நிறைந்த கூட்டிலேயே அடைத்து வைத்தார். அவை மலடாகவே இருந்தன. வாடைக் கொள்கை அத்துடன் வீழ்ந்தது. பின்னர் 1788ஆம் ஆண்டுக் கோடையில், இளம் இராணிகள் வெளியே பறக்க விடப்பட்டன. பூர்னன் வாயிலில் காத்திருந்தார். முதலில் சிறிது நேரம் பறந்து திரும்பிய இராணி, மறுமுறை வெளியே சென்று ஏறக்குறைய அரை மணி நேரங் கழித்து, சேர்க்கை நிகழ்ந்ததற்கான அடையாளத்தோடு வந்து சேர்ந்தது. இரு நாட்களின் பின் முட்டையிடத் தொடங்கியது. வானிற் பறக்கும்போதே சேர்க்கை நிகழ்கிறது என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. வியன்னாவில் தேனீ வளர்ப்பாசிரியராக இருந்த அன்டன் யான்சாவும் சில ஆண்டுகளுக்கு முன்பே இதனைக் கண்டிருந்தார் என்பதை இங்கு நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இராணி ஒருமுறை ஓர் ஆணோடு மட்டுமே சேர்கிறது என்று ஹூபர் கருதியது சரியன்று. பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு அது சேர்வதை இன்றைய அறிவியல் அறிந்துள்ளது.

இன்னொன்றையும் அவர் கண்டார். பிறந்து மூன்று வாரங்கள் வரை வெளியே பறக்க முடியாமற் போன இராணி, அதன் பின்னர் இடும் முட்டைகள் யாவும் ஆண் தேனீக்களாகவே ஆகின்றன. காரணம் அவருக்கு விளங்கவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்றே எழுதி வைத்தார். ஆண் தேனீ, கருவுறாத முட்டையிலிருந்து தோன்றுகிறது என்னும் விடையை 1845இல் சிலேசியாவைச் சேர்ந்த பாதிரியார் ஜெர்சோன் கூறினார். புதிதாகத் தேனீ வளர்ப்போர் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று. கூட்டம் பிரிந்து சென்ற பின், மழையும் குளிருமாக மூன்று வாரங்கள் தொடர்ந்தால், பெட்டியில் இருக்கும் இளம் இராணி பயனற்றுப் போயிருக்கக் கூடும். வானம் வெளித்ததும் வேலைக்காரத் தேனீக்களின் அறைகளில் முட்டையும் தட்டையான மூடிகளும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். துப்பாக்கிக் குண்டு போல மூடிகள் புடைத்து நின்றால் அவை ஆண் தேனீக்களே. அப்போது அயலவரிடம் இளம்புழு உள்ள ஒரு சட்டத்தைக் கேட்டு வாங்கி வைத்தால், வேலைக்காரத் தேனீக்கள் அப்புழுக்களிலிருந்தே புதிய இராணியை வளர்த்துக்கொள்ளும். ஆனால் பயனற்ற இராணியை முதலில் அகற்றிவிட வேண்டும். புழுவிலிருந்து இராணியை வளர்க்கும் இவ்வாற்றலை ஜெர்மானியரான ஷிராக் முதலில் அறிவித்தார்; பலர் நம்ப மறுத்தபோது, ஹூபரும் பூர்னனும் மீண்டும் மீண்டும் செய்து அதனை உறுதி செய்தனர்.

அவர்கள் செய்த சோதனைகளுள் எமது உள்ளத்தை விட்டு நீங்காதது ஒன்று உண்டு. இராணியில்லாத சில கூடுகளில் முட்டைகள் காணப்பட்டன. வேலைக்காரத் தேனீக்கள் இட்டனவா, அல்லது கண்ணிற் படாத சிற்றுருவ இராணி ஒன்று ஒளிந்திருக்கிறதா? ஐயத்தைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. இரு கூடுகளில் உள்ள தேனீக்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். பூர்னன் அவ்வாறே செய்தார். ஒவ்வொரு தேனீயையும் விரலால் பற்றி, அதன் நாக்கையும் பின்கால்களையும் கொடுக்கையும் நோக்கினார். பதினொரு நாட்கள் சென்றன. கண்களுக்கு ஓய்வு கொடுக்கத் தேவையான நேரம் தவிர வேறு ஓய்வை அவர் நாடவில்லை. அத்தனையும் வேலைக்காரத் தேனீக்களே என்பது முடிவு. ஆகவே அவற்றுட் சில முட்டையிட வல்லன என்று தெளிந்தது. பார்க்க முடியாத ஒருவர் இப்படிப்பட்ட வேலையைக் கேட்கத் துணிந்ததும், கூலிக்கு வந்த ஒருவர் அதனைச் செய்து முடித்ததும் எதனால் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. பூர்னனுக்கும் விடையை அறிந்தே தீரவேண்டும் என்ற ஆவல் பற்றிக்கொண்டிருந்தது என்பதே எமது துணிபு.

1792ஆம் ஆண்டு, பொனேக்கு எழுதிய கடிதங்களின் வடிவில், தேனீக்கள் பற்றிய புதிய ஆய்வுகள் என்னும் நூல் வெளிவந்தது. அதில் பூர்னனின் பெயரும் உழைப்பும் மறைக்கப்படவில்லை. கண்கள் தம்முடையன அல்ல என்பதை ஹூபர் வெளிப்படையாகவே எழுதினார். பார்வையற்றவர் செய்த ஆய்வு என்பதால் ஐயுற்றோரும் இருந்தனர். ஆனால் மற்றவர்கள் செய்து பார்த்தபோதும் முடிவுகள் பெரும்பாலும் நிலைத்து நின்றன. 1806இல் நூல் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று.

அதற்கிடையில் காலம் மாறியது. பிரெஞ்சுப் புரட்சியின் அலை ஜெனீவாவையும் தாக்கியது. 1798இல் அந்நகர் பிரான்சுடன் இணைக்கப்பட்டது. 1815இலேதான் சுவிற்சர்லாந்தின் மாநிலமாயிற்று. பூர்னன் குடும்பக் கடமைகளின் பொருட்டுத் தம் ஊருக்குத் திரும்பினார். அவரது தகுதியை உணர்ந்த ஊரவர்கள் அவரைத் தம் வட்டாரத்தின் நிருவாகப் பொறுப்பில் அமர்த்தினர். ஹூபர் இரண்டாம் முறையாகக் கண்ணிழந்தார் என்றே சொல்ல வேண்டும். அவ்விடத்தை மனைவியாரும், மகன் பியர் ஹூபரும் நிரப்பினர். ஜெனீவா மருத்துவர் ஜுரினின் மகளான இளம்பெண் ஒருவர், வேலைக்காரத் தேனீக்களை நுண்ணிதாக அறுத்து, அவற்றினுள்ளும் வளர்ச்சி குன்றிய சூலகம் இருப்பதைக் கண்டு கூறினார். பதினொரு நாள் உழைப்புக்கு இது சான்றாக அமைந்தது. அப்பெண் இளமையிலேயே மறைந்தார். அவர் நீண்டகாலம் வாழ்ந்திருந்தால் அவரைப் பற்றியும் தனியே ஒரு கட்டுரை எழுதியிருப்போம்.

மெழுகு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த வினா. கால்களில் சுமந்து வரும் மகரந்தமே மெழுகாகிறது என்று அறிஞர்கள் நம்பியிருந்தனர். ஹூபர் புதிய கூட்டம் ஒன்றை அடைத்து வைத்து, தேனும் நீரும் மட்டும் கொடுத்தார். சில நாட்களில் வெண்ணிற அடைகள் தொங்கின. அவற்றை அகற்றினார், மீண்டும் கட்டின. இவ்வாறு பலமுறை செய்தும் மெழுகு வந்துகொண்டேயிருந்தது. மகரந்தமும் பழமும் மட்டும் பெற்ற கூட்டமோ சிறிதும் மெழுகு செய்யவில்லை. இனிப்பிலிருந்தே தேனீயின் உடல் மெழுகை உண்டாக்குகிறது. மகரந்தம் புழுக்களின் உணவு என்பது தெளிவாயிற்று. இன்று வெறுஞ்சட்டங்களில் குடியேற்றப்படும் புதுக்கூட்டத்திற்கு, சீனியும் நீரும் சம அளவாகக் கரைத்த பாகை நாம் ஊட்டுவது இதனாலேயே. வீடு கட்டும் பொருள் அவற்றுக்கு உணவிலிருந்து வரவேண்டும். முதலாண்டிலேயே தேன் எதிர்பார்ப்போர் இதைக் கவனிக்க வேண்டும். எமக்கு முதலாண்டு ஒரு போத்தல் தேனும் கிடைக்கவில்லை.

சிறுவர்கள் விரும்பக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. முதுகில் மண்டையோடு போன்ற குறியுடைய பெரிய விட்டில் ஒன்று இரவிற் கூடுகளுக்குள் நுழைந்து தேனைக் குடிக்கும். 1804ஆம் ஆண்டு அவை மிகுதியாக வந்தபோது, தேனீக்கள் தம் வாயிலில் மெழுகும் மரப்பிசினும் கொண்டு மதில் எழுப்பி, ஒரு தேனீ மட்டும் செல்லத்தக்க சிறு வழிகளை விட்டிருந்ததை ஹூபர் குடும்பத்தினர் கண்டனர். இலையுதிர் காலத்தில் நாம் பெட்டியின் வாயிலைச் சிறிதாக்கி எலியையும் குளவியையும் தடுப்பது அதனைப் போன்றதே. வாயிலில் நின்று சிறகடிக்கும் தேனீக்கள் கூட்டுக்குள் காற்றோட்டத்தை உண்டாக்குகின்றன என்பதையும், வேதியியல் வல்லுநர் செனெபியேயின் துணையோடு ஹூபர் மெய்ப்பித்தார். இவ்வாய்வுகளெல்லாம் சேர்ந்து 1814இல் நூலின் இரண்டாம் பதிப்பு இரு தொகுதிகளாக வந்தது. பியர் ஹூபர் எறும்புகளைப் பற்றி 1810இல் தாமே ஒரு நூல் வெளியிட்டுப் புகழ் பெற்றார். பின்னாளில் டார்வின், தந்தை மகன் இருவரின் ஆய்வுகளையும் எடுத்தாண்டார்.

ஹூபர் சோர்ந்த முகத்தோடு வாழ்ந்தவரல்லர். இசையில் ஈடுபாடு மிக்கவர். பிறர் துணையின்றி உலாவ விரும்பியதால், நடைபாதை ஓரமாகக் கயிறு கட்டி, அதில் இட்ட முடிச்சுகளைத் தடவி, தாம் நிற்கும் இடத்தை அறிந்து நடந்தார். மனைவியார் அவருக்கு முன்னரே மறைந்தார். இறுதிக் காலத்தை லவுசான் நகரில் மகளுடன் கழித்து, 1831ஆம் ஆண்டு திசெம்பர் 22ஆம் நாள் தம் எண்பத்தோராவது வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவரது வரலாற்றை எழுதிய தாவரவியல் அறிஞர் து கந்தோல், பிரேசில் நாட்டு மரவகை ஒன்றுக்கு ஹூபரின் பெயரைச் சூட்டினார்.

ஹூபரின் பெட்டியில் ஒரு குறை இருந்தது. சட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு நின்றமையால், மூடும்போது தேனீக்கள் நசுங்கக் கூடும். அவரது நூலைப் படித்து அவ்வகைப் பெட்டியைப் பயன்படுத்திப் பார்த்த அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ரோத், ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவான இடைவெளியைத் தேனீக்கள் அடைக்காமல் நடைபாதையாக விடுகின்றன என்பதை 1851இல் உணர்ந்தார். அவ்விடைவெளியோடு தனித்தனியே தூக்கத்தக்க சட்டங்களை அமைத்து, 1852இல் உரிமம் பெற்றார். இன்று உலகெங்கும் மேற்புறமாகத் திறக்கும் பெட்டிகள் இதன் வழிவந்தவை. நம் நாட்டின் பழைய சுவிஸ் பெட்டியிலோ பின்கதவைத் திறந்து, இடுக்கியாற் சட்டங்களை ஒவ்வொன்றாக இழுத்தெடுப்பர்.

தேனீ வளர்க்க விரும்பும் பெற்றோர் முதலில் ஊர்த் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் பயிற்சி வகுப்பிற் சேர்வது நன்று. பெட்டி வைக்கும் இடத்தை மாநில அலுவலகத்திற் பதிவு செய்தல் கட்டாயம். ஒரு பெட்டியைவிட இரண்டு நல்லது. ஒன்றில் இராணி இறந்தால் மற்றதிலிருந்து புழுச்சட்டம் எடுக்கலாம். ஹூபர் அறியாத பகை ஒன்றும் இன்று உண்டு. வரோவா என்னும் செந்நிற உண்ணி 1984இல் இந்நாட்டுக்குள் வந்தது. கோடை இறுதியில் போமிக் அமிலமும், புழுக்கள் இல்லாத குளிர்காலத்தில் ஒக்சாலிக் அமிலமும் கொண்டு அதனைக் கட்டுப்படுத்தாவிடின் கூட்டம் அழிந்துவிடும். எமது முதற்கூட்டம் அவ்வாறுதான் அழிந்தது. தை மாதத்தில் பெட்டியின் அடியிற் கிடந்த தேனீக்களைக் கூட்டி அள்ளியபோது எமது வீட்டில் எவரும் பேசவில்லை.

மறு வைகாசியில் அந்த முதியவரே ஒரு சிறு கூட்டத்தைத் தந்தார். இப்போது எமக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி அணிந்தாலும் வலைமுகமூடியினூடே முட்டைகள் தெரிவதில்லை. இவ்வாண்டு சித்திரையில் பெட்டியைத் திறந்தபோது, எமது பதினொரு வயது மகள் சட்டத்தை வெயிலுக்குச் சரித்துப் பிடித்து, அறை அறையாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். நாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.